நெட்டலைப் பெருக்கியும் நோய்முதல் நாடலும்

திருநெல்வேலிச் சீமையார் கம்பியில்லாத் தந்தியைப் பற்றிப் பேசப் புகுந்தால் விஜயநாராயணத்தை விடுத்துப் பேசுதல் இயலாது. நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண் வெளியில் வானளாவ நிற்கும் இரும்புக் கம்பங்களைப் பேருந்திலிருந்தபடியே கண்டு வியந்தவர் பலர்; அவை எதன்பொருட்டு நிற்கின்றன என்று உசாவினவர் சிலரே. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியக் கடற்படையார் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் பெயரால் அவ்விடத்தே நிறுவிய நிலையம், கடலுள் மூழ்கிச் செல்லும் கலங்களுக்குச் செய்தி விடுப்பதாம். வினாடிக்குச் சுமார் 18,200 முறையே அதிரும் அவ்வலையின் நீளம் ஏறக்குறைய பதினாறரைக் கிலோமீட்டர். குற்றலைகளை உவர்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிட, இந்நெட்டலை மட்டும் சில மீட்டர் ஆழம் உட்புகுந்து செல்லும். ஆனால் அலை நீளுந்தோறும் அதனை விடுக்கும் ஆகாயக் கம்பியும் நீளவேண்டும். அரசாங்கத்தார் 400 மீட்டருக்கு மேற்பட்ட கம்பங்களை நாட்டவல்லார். தனி மனிதன் தன் வீட்டு மாடியில் என் செய்வான்?

அவன் செய்ததையே ஈண்டுக் கூறுவாம். பொழுதுபோக்காகவும் கல்வியாகவும் வானொலி பயில்வோர்க்கு நெட்டலையில் ஒரு சிறு சந்து திறக்கப்பட்டுள்ளது. பிரித்தானிய நாட்டில் 1998-ஆம் ஆண்டே 136 கிலோஹெர்ட்ஸ் அலை அவர்க்குக் கிட்டிற்று. 2007-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதியை அவர்க்கு இரண்டாந்தர உரிமையாக வகுத்து, புறத்தே வீசும் வலிமை 1 வாட்டுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் அரசாங்கம் அளிக்கும் உரிமத்தின் எல்லைக்குள் நின்றே இதனைக் கையாளவேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுதல் தகாது. உரிமமின்றி அலை விடுத்தல் குற்றமாம்.

சங்கரன்கோவிலில் எம் பெரியப்பா ஒருவர் உளர். தந்தி இலாகாவில் ஊழியம் புரிந்து ஓய்வு பெற்றவர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் தந்திச் சேவை நின்றபோது, நூற்றாறுபது ஆண்டுக்கு மேல் வழங்கிய ஒரு மொழி அகராதியினின்று நீங்கினாற்போல அவர் வருந்தினார். விரலில் இருக்கும் வித்தைக்கு எழுத்தில் இடமில்லை. அதற்குரிய ஒரே புகலிடம் வானொலிப் பயிற்சியாளர் கூட்டமே என்று கண்டு, பரீட்சை எழுதி உரிமம் பெற்றுத் தம் கையாலேயே ஒரு நெட்டலைக் கருவியைச் சமைத்தார். அக்கருவியின் பெருக்கி ஓர் ஆனி ஆடிப் பருவத்தில் நான்கு முறை இறந்தது. ஐந்தாம் முறை டிரான்சிஸ்டர் வாங்கப் பணம் கேட்டபோது, “இதுல நாலு கோழி வாங்கியிருக்கலாமே” என்று பெரியம்மை கூறியதாகக் கேள்வி. இனி ஒருமுறை பழுதானால் கருவி பழைய இரும்புக்காரரிடம் போகும் என்னும் நிலையில், விடுமுறைக்குச் சென்ற எம்மையும் துணை சேர்த்துக்கொண்டார். யாம் தமிழ் பயில்வோர். எனினும் மேல்நிலைப் பள்ளியிற் கற்ற பௌதிகம் முற்றும் மறந்துவிடவில்லை.

முதலில் கருவியின் உறுப்புகளை அறிதல் வேண்டும். 273 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிரும் ஒரு சிறு சுற்று உளது. அதன் அதிர்வை இரண்டாகப் பகுக்கும் சில்லு, ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு 136.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளைத் தருகிறது. பகுத்துப் பெறுவதன் பயன் யாதெனின், இரு பாதிகளும் வேறுபாடின்றிச் சமமாக அமைதலே. அத்துடிப்புகள் ஐ.ஆர்.எஃப். 540 என்னும் இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களை மாறி மாறித் திறந்து மூடும். கிணற்றில் இருவர் மாறி மாறி ஏற்றம் மிதிப்பதுபோல ஒன்று இழுக்க மற்றொன்று விடும். இடையே ஃபெரைட்டு வளையத்தின்மேல் சுற்றிய மின்மாற்றி, அதன்பின் வேண்டாத மேலதிர்வுகளை நீக்கும் வடிகட்டி, அதன்பின் பெருஞ்சுருள், ஈற்றில் ஆகாயக் கம்பி. மின்னூட்டம் 40 வோல்ட். இத்தகைய அமைப்பில் மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் ஊட்டத்தின் இருமடங்கை, அதாவது 80 வோல்ட்டைத் தாங்கி நிற்கும். அதன் தாங்கு எல்லையோ 100 வோல்ட். எஞ்சிய இருபதே அதன் உயிர்க்காப்பு என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

ஆகாயக் கம்பியின் கணக்கு வியப்பும் நகைப்பும் ஒருங்கே விளைப்பது. அலையின் நீளம் 2,200 மீட்டர். அதன் காற்பங்கு 550 மீட்டர். மாடியிலிருந்து தென்னை உயரத்துக்கு நாட்டிய குழாயோ 15 மீட்டர். அதன் உச்சியினின்று 30 மீட்டர் கம்பி குறுக்கே ஓடுகிறது. இத்துணைக் குறுகிய கம்பி அலையாக வெளிவிடும் பகுதிக்கு ஈடான தடை ஏறக்குறைய 0.06 ஓம் மட்டுமே. மண்ணிலும் சுருளிலும் வீணாகும் பகுதிக்கு ஈடான தடையோ 60 ஓம். ஆகவே 1.2 ஆம்பியர் ஓடும்போது செலவாகும் 86 வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே வானில் எழும். ஏனைய 999 பங்கும் கொல்லையிலுள்ள மண்புழுக்களுக்கு வெதுவெதுப்பாய் முடியும். மேலும் அக்கம்பி ஒரு மின்தேக்கிபோல் நடக்கும். அதன் கொள்ளளவு சுமார் 250 பிகோஃபாரட். அதனை ஈடுசெய்ய 5.4 மில்லிஹென்றி அளவுள்ள பெருஞ்சுருள் வேண்டும். தண்ணீர்க் குடமளவு பிளாஸ்டிக் வாளியின்மேல் பெரியப்பா அதனைச் சுற்றியிருந்தார். அச்சுருளின் மேல்முனையில் எழும் அழுத்தம் 5,500 வோல்ட்டுக்கு மேற்பட்டது. கருவி இயங்குங்கால் அதனருகே கை நீட்டுதல் கூடாது; சிறுவரும் கோழிகளும் ஏறாதபடி மாடிப்படிக் கதவைத் தாழிட்ட பின்னரே யாம் எதனையும் தொடங்கினோம்.

இனி நோய். போலிச் சுமையில் பெருக்கி நன்றாக இயங்குகிறது. ஆகாயக் கம்பியில் இணைத்தால் ஒருநாள் இயங்குகிறது, மறுநாள் சில நிமிடங்களில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருங்கே மாள்கின்றன. பெரியப்பா கொண்ட ஐயங்கள் மூன்று: வெப்பம் மிகுதி, கடையில் விற்றது போலிச் சரக்கு, ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம். முதலாவதற்காக அலுமினியத் தகட்டை இருமடங்காக்கினார். இரண்டாவதற்காக வேறு ஊரில் வேறு கடையில் வாங்கினார். மூன்றாவதற்காக ஒரு நிலைப்படுத்தியை வைத்தார். நோய் நீங்கவில்லை. மருத்துவர் நோயையும் நோய்முதலையும் வேறெனக் கொள்வர்; டிரான்சிஸ்டர் மாள்வது நோயேயன்றி நோய்முதலன்று. மாண்டதை மாற்றுவதற்கு முன் அதனை மாளச் செய்தது யாதென்று அறிதல் வேண்டும் என்பதில் இருவரும் ஒருமனப்பட்டோம்.

முதற்கண் மின்னூட்டத்தோடு தொடராக ஒரு 100 வாட் இழைவிளக்கை இணைத்தோம். வானொலி பழுது பார்ப்போர் தொன்றுதொட்டுக் கையாளும் இச்சீரீஸ் விளக்கு ஏழையின் வைத்தியன் எனலாம். உள்ளே எங்கேனும் குறுக்கிணைப்பு இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரியும். வேறு கேடு விளையாது. நலமாயின் ஒரு நொடி ஒளிர்ந்து மங்கும். இக்காலத்தே இழைவிளக்குக் கிடைப்பது அரிதாகிவிட்டது. பெரியம்மையின் கிறிஸ்மஸ் நட்சத்திரப் பெட்டியில் ஒன்று இருந்தது எம் பேறு. மாண்ட டிரான்சிஸ்டர்களை மல்டிமீட்டரால் அளந்தபோது டிரெயின், சோர்ஸ் ஆகிய இரு கால்களுக்கும் இடையே எப்பக்கம் அளப்பினும் பூச்சியமே காட்டின. உயிருள்ளது ஒரு பக்கம் சுமார் அரை வோல்ட்டும் மறுபக்கம் திறந்த வெளியுமாகக் காட்டும். கேட் என்னும் காலோ மற்ற இரண்டோடும் என்றும் ஒட்டாதிருத்தல் வேண்டும்.

அடுத்து, 40 வோல்ட்டைக் கொடாமல் கேட்டிற்கு வரும் துடிப்பை மட்டும் ஆஸிலாஸ்கோப்பு என்னும் அலைகாட்டியில் நோக்கினோம். இப்படி ஊணை நிறுத்தி நாடியை மட்டும் பார்த்தலே முறை. பலர் இதனை மறந்து முழு ஊட்டத்தோடு சோதித்துப் பொருளிழப்பர். துடிப்பு 12 வோல்ட் உயரத்தில் செவ்வனே இருந்தது. கேட் தாங்கும் எல்லை 20 வோல்ட், அதனை அணுகவில்லை. ஒன்று மூடி மற்றொன்று திறப்பதற்கு இடையே சிறு ஓய்வும் இருந்தது. அவ்வோய்வு இல்லையேல் இரண்டும் ஒருங்கே திறந்து, ஊட்டம் முழுதும் நேரே பாய்ந்து அழிக்கும். பாதிகள் சமமாகவும் இருந்தன. சமமில்லாவிடில் மின்மாற்றியின் உட்கருவில் காந்தம் ஒரு பக்கமாய்ச் சேர்ந்து சேர்ந்து நிறைவெய்தும். நிறைந்த கரு வெறுங்கம்பியே ஆம். எனவே நாடியில் குற்றமில்லை.

பின்னர்ப் போலிச் சுமை. 1000 ஓம், 5 வாட் அளவுள்ள மின்தடைகள் இருபதை ஒருங்கே பக்க இணைப்பாய்ச் சேர்த்தால் 50 ஓமும் 100 வாட்டும் கிடைக்கும். மின்விசிறியின் முன் அதனை வைத்து, ஊட்டத்தை முதலில் 12 வோல்ட்டாகவும் பின்னர் 24, 40 எனவும் படிப்படியாக உயர்த்தினோம். 40 வோல்ட்டில் 2.8 ஆம்பியர் ஓடியது. உட்சென்ற 112 வாட்டில் நூறளவு சுமையில் வெப்பமாயிற்று. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பின் ஒவ்வோர் உறுப்பையும் விரலால் தொட்டோம். டிரான்சிஸ்டரின் தகடு கைபொறுக்கும் சூடே. வடிகட்டியில் இருந்த ஒரு செராமிக் மின்தேக்கி மட்டும் சுட்டது. அதனை நீக்கிப் பாலிப்ரொப்பிலீன் வகையை இட்டோம். அது நோய்முதலன்று, எனினும் நாளை நோயாகக் கூடியது. டிரெயினில் 80 வோல்ட்டுக்கு மேல் ஊசிபோல் எழும் முனை 95 வரை சென்றது. 1000 பிகோஃபாரட்டும் 10 ஓமும் தொடராக இணைத்து அதனைத் தணித்தோம். அத்தடையில் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும் ஆதலால் 2 வாட் தடையே இடவேண்டும்.

ஆக, வெப்பமும் சரக்கும் ஊர் மின்சாரமும் குற்றமற்றவை என்று தீர்ந்தது. ஒரு மணி நேரம் முழுச் சுமையில் உழைத்த சரக்கைப் போலி என்றல் அந்தக் கடைக்காரர்க்குச் செய்யும் அநியாயமாம்.

எமக்கு வழிகாட்டியது அலைகாட்டியன்று, பெரியப்பாவின் நாட்குறிப்பு. தந்தி ஊழியர் எதனையும் மணியும் நிமிடமும் இட்டே எழுதுவர். நான்கு மரணங்களும் அதில் தேதியோடும் நேரத்தோடும் இருந்தன. நான்கும் நண்பகலுக்கும் மாலைக்கும் இடையே. காலையில் ஒன்றுகூட இல்லை. நான்கும் ஆனி, ஆடி மாதங்களில். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனையோ நாள் இயக்கியும் ஒன்றும் நேரவில்லை. ஆடித் தவசுக்கு ஊர் திரண்ட வாரத்தில் மட்டும் இரண்டு. குறிப்பை வரிசைப்படுத்தி வாசித்தபோது, மேற்கே மாடிச் சுவருக்கு அப்பால் வேப்பமரம் இரைந்துகொண்டிருந்தது. அம்மியையே அசைக்கும் என்பர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் அக்காற்று ஆகாயக் கம்பியை அசைப்பதில் வியப்பென்ன?

இதன் உட்பொருளைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சுருளும் கம்பியும் ஒத்திசைந்திருக்கும் வரை டிரான்சிஸ்டர்கள் வெறுந்தடையையே காணும். ஆனால் அவ்வொத்திசைவு மிகக் கூரியது. 4,660 ஓம் எதிர்ப்பை 60 ஓமால் வகுத்தால் சுமார் 78 வரும், அலைவெண் 136.5-ஐ அதனால் வகுத்தால் ஒத்திசைவின் அகலம் ஒன்றேமுக்கால் கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. கம்பியின் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 5 பிகோஃபாரட் மாறினால் ஒத்திசைவு சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். அப்போது 60 ஓம் தடையோடு 93 ஓம் எதிர்ப்பும் சேர்ந்து நிற்கும். கம்பியின் தொங்கு நுனி வேப்பங்கிளைக்கு ஒரு முழம் அருகே சென்றது. காற்றற்ற காலையில் அந்நிலையில்தான் சுருளைத் திருத்துவது வழக்கம். நண்பகலில் மேல்காற்று எழுந்தால் தளர்ந்த கம்பி கிளையைவிட்டுக் கிழக்கே விலகும், கொள்ளளவு குறையும், ஒத்திசைவு மேலேறும், கருவியோ பழைய அலைவெண்ணிலேயே நிற்கும்.

விலகல் எப்பக்கம் என்பதில் உயிர் இருக்கிறது. மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பின் தங்குமாயின் மாஸ்ஃபெட் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். முந்துமாயின், ஒரு டிரான்சிஸ்டர் மூடுவதற்குள்ளேயே அதன் உள்ளமைந்த டையோடு கடத்தத் தொடங்கிவிடும். அந்நிலையில் எதிர்த் துணை திறந்தால், டையோடு தன்னை விடுவித்துக்கொள்ளச் சிறு பொழுது எடுக்கும். அச்சிறு பொழுதில் இரண்டும் ஒருங்கே திறந்தவைபோலாகிப் பெருவெள்ளம் பாயும். வெள்ளம் அறுந்த கணத்தில் 100 வோல்ட்டைக் கடந்த ஊசிமுனை எழும். வினாடிக்கு லட்சத்துக்கு மேற்பட்ட முறை இவ்வாறு அடிபட்டால் எந்தச் சரக்கும் நில்லாது. கம்பி விலகிய பக்கம் இதுவே.

கருதியதை மெய்ப்பித்தல் வேண்டுமன்றோ? ஊட்டத்தை 12 வோல்ட்டாகக் குறைத்து, வடிகட்டிக்கு முன்பக்கத்தே, அதாவது டிரான்சிஸ்டர்கள் காணும் இடத்திலேயே, மின்னோட்டத்தையும் அழுத்தத்தையும் அலைகாட்டியின் இரு கோடுகளில் ஒருங்கே வரைந்தோம். மாலை நான்கு மணி. காற்று ஓய்ந்த பொழுது இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, இரைச்சல் எழுந்த பொழுது மின்னோட்டக் கோடு முன்னே ஓடியது, ஓய்ந்ததும் மீண்டது. பெரியப்பா அலைகாட்டியைப் பார்க்கவில்லை, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே, “இப்ப முந்துதா தம்பி? இப்ப?” என்று கேட்டார். ஒருமுறையும் தவறவில்லை.

மருந்து எளிது. கம்பியின் நுனியை வேம்பின் பக்கத்தினின்று நீக்கி, வேறு மூலையில் ஓர் இரும்புக் குழாய் நட்டு, நைலான் கயிற்றில் கப்பியும் எடையும் கட்டி இழுத்தோம். காற்று அடிப்பினும் கம்பி தொய்யாது. பெருஞ்சுருளின் உள்ளே சிறு சுருள் ஒன்றைத் திருகும்படி அமைத்தோம். அதனைத் திருகி ஒத்திசைவை வேண்டியவாறு நகர்த்தலாம். மின்னோட்டம் சற்றே பின்தங்கும் நிலையில் வைப்பதே இப்போதைய வழக்கம்; வலிமை சிறிது குறையும், உயிர் நிலைக்கும். மேலும் 4 ஆம்பியருக்கு மேல் ஓடினால் கேட் துடிப்பை உடனே நிறுத்தும் சிறு காவற்சுற்று ஒன்றை இணைத்தோம். ஃபியூஸ் கம்பி இதற்குப் போதாது; ஃபியூஸ் உருகுமுன் டிரான்சிஸ்டர் உருகிவிடும்.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். சங்கரன்கோவிலைச் சூழ்ந்தது கரிசல். மழைக்குப்பின் அது ஈரத்தைப் பற்றிக்கொண்டு மின்சாரத்துக்கு நல்ல வழிவிடும். கோடையில் கை நுழையும் அளவு பிளந்து, புதைத்த செப்புக் கம்பியைத் தனியே விட்டுவிடும். தடை 60 ஓமினின்று ஏறிக்கொண்டே போம். இது டிரான்சிஸ்டரைக் கொல்லாது. வானில் எழும் ஆயிரத்தில் ஒரு பங்கையும் இன்னும் குறைக்கும். ஒரே முளையை ஆழமாக அடிப்பதினும், கம்பியின் அடியில் விசிறிபோற் பல கம்பிகளைப் பரப்புதலே நன்று. பெரியம்மை பாத்திரம் கழுவும் நீரைத் தென்னைக்கு விடாமல் அப்பக்கம் விடும்படி செய்த ஏற்பாடு எளிதில் நிறைவேறவில்லை என்பதை மட்டும் குறிக்கிறோம்.

கேட்கும் பக்கத்தில் இடர் வேறு. நெட்டலையில் ஊரின் இரைச்சல் அனைத்தும் வந்து சேரும்: விசைத்தறி மோட்டார்கள், எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள். பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்தும் நாளில் சங்கரன்கோவிலின் வானம் துடைத்தாற்போல் ஆகிவிடும். பேட்டரியில் ஓடும் வாங்கி உடையார்க்கு அதுவே திருநாள். பலவீனமான குறியை இரைச்சலில் பிரித்தறிய, ஒரு புள்ளியை மூன்று வினாடி நீட்டி அனுப்பும் முறை உலகெங்கும் வழங்குகிறது. நிமிடத்துக்கு இருபது சொல் அனுப்பிய பெரியப்பா, ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினார்.

ஆடி கடைசி வாரம், காற்று முழுவீச்சில் இருந்த ஒரு பிற்பகல், முன்னரே குறித்த நேரத்தில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள பாளையங்கோட்டையில் எம் மாணவர் விடுதியின் மொட்டைமாடியில் ஒரு சட்டக் கம்பிச்சுருளோடும் பேட்டரி வாங்கியோடும் அமர்ந்தோம். புள்ளிகள் மெதுவாக வரவில்லை. தந்தி நிலையத்து வேகத்திலேயே வந்தன. கோடு இழுக்கும் இடத்தில் சற்றே நீட்டும் அவருடைய பழைய கைவழக்கம் தெளிவாய்க் கேட்டது. யாம் மூன்றாம் சொல்லிலேயே பின்தங்கிவிட்டோம். நாற்பது நிமிடம் அனுப்பினார். டிரான்சிஸ்டர் இரண்டும் உயிரோடு உள.